பிஞ்சுக் கைகளுக்குப் புத்தகம் கொடுத்த அம்மாள்

"எச்சில் கையோடு புஸ்தகத்தைத் தொடாதேடா!" "கிழிச்சிடுவே, கொடு இப்படி!" குழந்தைகள் உள்ள வீட்டில் ஒரு நாளைக்கு எத்தனை தடவை இந்தக் குரல் கேட்கிறது! நாம் வாயால் சொல்வதை ஒரு காலத்தில் பெரிய பெரிய நூலகங்கள் சட்டமாகவே வைத்திருந்தன. அமெரிக்காவில், நியூயார்க் நகரில் 1854-ல் திறக்கப்பட்ட ஆஸ்டர் நூலகத்தில் 14 வயது நிரம்பாதவர்களுக்கு இடமே கிடையாது. புத்தகம் பெரியவர்களின் சொத்து. குழந்தை வந்தால் அழுக்காக்கும், சத்தம் போடும். அப்போதைய நினைப்பு அப்படி.

இன்றோ, எத்தனையோ ஊர் நூலகங்களில் குழந்தைகளுக்கென்று தனிப் பகுதி இருக்கிறது. குட்டி நாற்காலி, கை எட்டுகிற உயரத்தில் அலமாரி, கதை சொல்லும் நேரம்... இதையெல்லாம் வழக்கத்துக்குக் கொண்டு வந்தவர்களில் முன்வரிசையில் நிற்பவர் ஒரு பெண்மணி. அவர் பெயர் ஆன் கரோல் மூர்.

ஏழு அண்ணன்மாருக்கு ஒரு தங்கை

1871-ல் அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில், லிமெரிக் என்ற சிற்றூரில் பிறந்தார் மூர். மூத்தவர்கள் ஏழு பேரும் ஆண்பிள்ளைகள். அப்பா வக்கீல். பெண்கள் வக்கீலாவது அபூர்வமான அந்த நாளிலேயே, அப்பாவிடம் சட்டம் படிக்க ஆரம்பித்தார் இந்தப் பெண். ஆனால் விதி விட்டதா? 1892-ல் இன்ஃப்ளூயன்ஸா காய்ச்சல் கண்டு, சில நாள் இடைவெளியில் அப்பாவும் போனார், அம்மாவும் போனார். துக்கம் ஆறுவதற்குள் ஓர் அண்ணி பிரசவத்தில் கண்ணை மூடிவிட்டார். தாயில்லாத அந்தக் குழந்தைகளை வளர்க்க அண்ணனுக்குத் துணையாக நின்றார் அத்தை. வக்கீல் கனவு அத்தோடு முடிந்தது.

அதற்காக மூலையில் உட்கார்ந்துவிடவில்லை. 1895-ல் நியூயார்க் நகரின் புரூக்ளின் பகுதிக்குப் போய், பிராட் இன்ஸ்டிடியூட்டில் நூலகப் படிப்பில் சேர்ந்தார். மறு வருஷமே அங்கு குழந்தைகளுக்கென்று புதிதாகத் திறந்த அறையை இவரிடம் ஒப்படைத்தார்கள். மூர் முதலில் என்ன செய்தார் தெரியுமா? கிண்டர்கார்டன் பள்ளிகளுக்குப் போய்ப் பார்த்தார். தெருவில் விளையாடும் குழந்தைகளிடமே பேச்சுக் கொடுத்து, அவர்களுக்கு என்ன பிடிக்கும் என்று விசாரித்தார். அலமாரியை அடுக்குவதற்கு முன்னால் குழந்தையைத் தெரிந்துகொண்டார். அம்மாக்களாகிய நாம் கவனிக்க வேண்டிய விஷயம் இது.

"சத்தம் போடாதே" பலகை போயிற்று!

1906-ல் நியூயார்க் பொது நூலகத்தில், நகரம் முழுவதும் இருந்த கிளைகளின் குழந்தைகள் பிரிவுக்கெல்லாம் மூர் தலைவியானார். "பேசாதே" என்று மிரட்டும் பலகைகளை எடுக்கச் சொன்னார். பெரியவர்கள் நாற்காலியில் கால் தொங்க உட்கார்ந்து குழந்தை எப்படிப் படிக்கும்? குட்டி நாற்காலிகள் வந்தன. அறையில் பூக்களும் படங்களும் இடம் பிடித்தன. கதை நேரம் என்று ஒன்று ஏற்பட்டது. கதை சொல்லுவதற்கென்றே பெண்களுக்குப் பயிற்சி கொடுத்தார்.

பல தேசங்களிலிருந்து பிழைப்புத் தேடி வந்த ஏழைக் குடும்பங்கள் அப்போது நியூயார்க்கில் நிறைய. அந்தக் குழந்தைகளுக்காக அவரவர் தாய்மொழிப் புத்தகங்களையும் வாங்கி வைத்தார்.

புத்தகத்தை வீட்டுக்குக் கொடுத்தால் கிழிக்க மாட்டார்களா? அதற்கும் ஒரு வழி கண்டார். பெரிய நோட்டுப் புத்தகம் ஒன்று. குழந்தை அதில் தன் கையால் பெயர் எழுதினால், புத்தகத்தை நூலகத்திலும் வீட்டிலும் பத்திரமாக வைத்துக்கொள்வேன் என்று வாக்குக் கொடுத்ததாக அர்த்தம். பெயர் எழுதத் தெரிந்தால் போதும். அதட்டலுக்குப் பதில் ஒரு சின்னக் கையெழுத்து! தன்னை ஒரு பெரிய மனுஷியாக நடத்துகிறார்கள் என்று தெரிந்தால் எந்தக் குட்டிப் பெண்தான் பொறுப்பாக இருக்க மாட்டாள்?

1911-ல் நியூயார்க்கின் 42-வது தெருவில், வாசலில் பளிங்குச் சிங்கங்கள் காவல் இருக்கும் மாபெரும் கட்டிடம் திறந்தபோது, அதிலும் குழந்தைகளுக்கு அழகான ஓர் அறை அமைந்தது. 1913-க்குள், கிளை நூலகங்களிலிருந்து வெளியே போன புத்தகங்களில் மூன்றில் ஒரு பங்கு குழந்தைகள் புத்தகங்கள்!

மூர் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. நிக்கலஸ் என்ற மரப்பொம்மை ஒன்றைக் கைப்பையில் வைத்துக்கொண்டு, போகிற இடமெல்லாம் எடுத்துப் போவார். அதையே நாயகனாக வைத்து 1924-ல் ஒரு கதைப் புத்தகமும் எழுதினார்.

அலமாரிக்கு ஒரே சாவி

பத்திரிகைகளில் குழந்தைப் புத்தகங்களுக்கு விடாமல் விமர்சனம் எழுதியதில் மூரின் செல்வாக்கு ஓங்கியது. அவர் "நன்று" என்றால் நாடெங்கும் நூலகங்கள் வாங்கும். பிடிக்காவிட்டால், 'நிபுணர் இதை வாங்கப் பரிந்துரைக்கவில்லை' என்று ஒரு ரப்பர் ஸ்டாம்பு! பதிப்பாளர்கள் அவர் முகத்தைப் பார்த்து நடுங்கினார்கள்.

1941-ல் ஓய்வு பெற்ற பிறகும் அந்த அதிகாரம் குறையவில்லை. எழுத்தாளர் இ. பி. ஒயிட்டைக் குழந்தைகளுக்காக எழுதச் சொல்லி ஊக்கப்படுத்தியவர் இவரேதான். ஆனால் சுண்டெலி உருவத்தில் ஒரு பிள்ளை பிறக்கும் 'ஸ்டூவர்ட் லிட்டில்' கதையை அச்சாகுமுன் படித்ததும் பதறிப் போனார். இதை வெளியிடவே வேண்டாம் என்று நீண்ட கடிதம் எழுதினார். 1945-ல் புத்தகம் வெளிவந்தது. குழந்தைகள் அதைக் கொண்டாடினார்கள்!

1947-ல் மார்கரெட் வைஸ் பிரவுன் எழுதிய 'குட்நைட் மூன்' வந்தது. தூங்கப் போகும் முயல்குட்டியின் அறையிலுள்ள சாமான்களுக்கெல்லாம் ஒவ்வொன்றாக 'குட்நைட்' சொல்லும் புத்தகம், அவ்வளவுதான். மூர் வளர்த்த ரசனை தேவதைக் கதைகளையும் பழங்கதைகளையும் சார்ந்தது. சீப்பும் கிண்ணமும் ஒரு கதையா? நியூயார்க் பொது நூலகம் அதை 1972 வரை வாங்கவேயில்லை. அதற்குள் எத்தனையோ வீடுகளில் தாய்மார்கள் அதைப் படித்துப் படித்துக் குழந்தைகளைத் தூங்க வைத்திருந்தார்கள். 2020-ல் அந்த நூலகம், 125 ஆண்டுகளில் அதிகம் இரவல் போன பத்துப் புத்தகங்களின் பட்டியலை வெளியிட்டபோது, இந்தப் புத்தகத்தைத் தனியாகக் குறிப்பிட்டது. அத்தனை வருஷம் வாங்காமல் இருந்திராவிட்டால் இதுவும் பட்டியலில் ஏறியிருக்கலாம் என்று தானே ஒப்புக்கொண்டது!

மூர் 1961 ஜனவரியில், தமது 89-வது வயதில் காலமானார். அதே 1961-ல் நியூயார்க் நூலகங்களின் குழந்தைகள் சேவைக்குத் தலைமை ஏற்றவர் அகஸ்டா பேக்கர் என்ற கறுப்பினப் பெண்மணி. கறுப்பினக் குழந்தைகளைக் கேலியாகச் சித்திரிக்கும் புத்தகங்களே மலிந்திருந்த நாளில், அவர்களைக் கௌரவமாகக் காட்டும் புத்தகங்களைத் தேடித் தேடிப் பட்டியல் போட்டவர் அவர். ஒருவர் பார்வைக்குத் தப்பியது இன்னொருவர் கண்ணில் பட்டது.

நம் வீட்டுக்கு என்ன?

மூர் அம்மையாரின் பெருமையையும் எடுத்துக்கொள்வோம், பிடிவாதத்திலிருந்தும் பாடம் கற்போம்.

முதலில், புத்தகத்தை உயரத்திலிருந்து இறக்குங்கள். கீழ்த்தட்டிலோ ஓர் அட்டைப் பெட்டியிலோ குழந்தையின் கைக்கு எட்டும்படி வையுங்கள். கிழிந்தால் ஒட்டிக்கொள்ளலாம்.

ஒரு நோட்டில் குழந்தையையே பெயர் எழுதவிட்டு, இரவல் புத்தகத்துக்கு அவனையே பொறுப்பாக்குங்கள்.

படிக்கத் தெரியாத குழந்தைக்குப் படத்தைக் காட்டிக் கதை சொல்லுங்கள். பத்து நிமிஷம் போதும். அடுப்பில் குழம்பு கொதிக்கும்போதுகூடச் சொல்லலாம்.

நாம் விரும்பும் நல்ல புத்தகம் ஒன்று, குழந்தை தானாக எடுத்தது ஒன்று என்று இரண்டையும் வாங்கிக் கொடுங்கள். "இதையே நூறு தடவை படிச்சாச்சேடா!" என்று அலுத்துக்கொள்ளாதீர்கள். நூற்றோராவது தடவையும் அவன் கேட்கிறான் என்றால், நமக்குப் புரியாத ஏதோ ஒன்று அவனுக்கு அதில் கிடைக்கிறது.