காசு நம்முடையது, ஓட்டு யாருடையது?

தமிழ் இருக்கைக்காக நிதி திரட்டும் கூட்டங்களில் தவறாமல் எழும் கேள்வி ஒன்று உண்டு. "இத்தனை லட்சம் டாலர் நாம கொடுக்கிறோம். அந்த இருக்கையில் யார் உட்காரணும்னு நாம சொல்லக் கூடாதா?" கேட்பவர் வம்புக்குக் கேட்பதில்லை. கோயிலுக்கு அள்ளிக் கொடுத்தவர் அறங்காவலர் குழுவில் இருக்கிறார். தமிழ்ப் பள்ளிக்கு உழைத்தவர் அதன் நிர்வாகத்தில் இருக்கிறார். பல்கலைக்கழகத்துக்கு மட்டும் என்ன தனி நியாயம் என்பது அவருடைய ஆதங்கம்.

அந்த ஆதங்கத்துக்கு "அது அவங்க ரூல்ஸ்" என்று ஒற்றை வரியில் பதில் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறோம். அது போதாது. அந்த விதிகளின் அடியில் ஒரு தேர்தல் இருக்கிறது. நான் அமெரிக்காவில் ஓர் அரசுப் பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்துகிறேன். ஆண்டுதோறும் வசந்த காலத்தில் அந்தத் தேர்தலுக்கான மின்னஞ்சல் எனக்கும் வரும். கேள்விப்படாத பத்துப் பெயர்கள், ஒவ்வொருவரைப் பற்றியும் ஒரு பத்தி, கடைசித் தேதி. திறந்து பார்க்காமலேயே அதை அழித்துவிடும் சக ஆசிரியர்கள் நிறையப் பேர். நம் தமிழ் இருக்கைகளுக்கு உண்மையான வேலி அந்த மின்னஞ்சலில்தான் இருக்கிறது என்பது என் கருத்து. ஏன் என்று சொல்கிறேன்.

குழுவை அமைக்கும் குழு

கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தை எடுத்துக்கொள்வோம். அமெரிக்கத் தமிழர்கள் 1990களிலேயே நிதி திரட்டித் தமிழ் இருக்கை அமைத்த இடம் அது. அந்த இருக்கையில் முதலில் அமர்ந்தவர் சங்க இலக்கியத்தை ஆங்கிலத்தில் பெயர்த்த ஜார்ஜ் ஹார்ட்.

அங்கே பேராசிரியர்களின் பேரவைக்கு 'அகாடமிக் செனட்' என்று பெயர். அதற்குக் கீழே ஏகப்பட்ட குழுக்கள். பாடத்திட்டத்துக்கு ஒன்று, மாணவர் சேர்க்கைக்கு ஒன்று, ஆசிரியர்களின் உரிமைப் புகார்களுக்கு ஒன்று. இத்தனை குழுக்களுக்கும் தனித்தனியாகத் தேர்தல் வைத்தால் ஆண்டு முழுக்க ஓட்டுப் போட்டுக்கொண்டே இருக்க வேண்டியதுதான். அதனால் முக்கியமான ஒரு குழுவை நேரடியாகத் தேர்ந்தெடுப்பார்கள். அதன் பெயரே வேடிக்கையாக இருக்கும்: 'குழுக்களுக்கான குழு'. மற்றக் குழுக்களில் யார் யார் இருக்க வேண்டும் என்பதை அதுதான் முடிவு செய்யும். பல்கலைக்கழகத் தலைவரோ வேந்தரோ அல்ல.

அது அமைக்கும் குழுக்களில் ஒன்றுக்குப் 'பட்ஜெட் கமிட்டி' என்று பெயர். பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம். அந்த வளாகத்தில் எந்தப் பேராசிரியரை நியமிப்பது, யாருக்கு நிரந்தரப் பணி கொடுப்பது, யாருக்குப் பதவி உயர்வு என்ற கோப்புகள் அதன் மேசைக்குத்தான் போகும். துறையில் உள்ளவர்கள் வாக்களிப்பார்கள், வெளியிலுள்ள அறிஞர்களிடம் கடிதம் வாங்குவார்கள், டீன் தன் கருத்தை எழுதுவார். அத்தனையையும் படித்துவிட்டு இந்தக் குழு பரிந்துரை செய்யும். கடைசிக் கையெழுத்து நிர்வாகத்துடையது. ஆனால் குழுவின் பரிந்துரையை மீறுவது நிர்வாகத்துக்குச் சாதாரண விஷயம் இல்லை.

யாழ்ப்பாணத்திலோ பேராதனையிலோ படித்தவர்களுக்கு இது ஓரளவு பழகிய கதைதான். இலங்கையின் 1978ஆம் ஆண்டுப் பல்கலைக்கழகச் சட்டப்படி பீடாதிபதியைப் பீடச் சபையே தேர்ந்தெடுக்கிறது. ஒவ்வொரு பீடச் சபையும் மூதவைக்கு இரண்டு ஆசிரியர்களை அனுப்புகிறது. அமெரிக்காவில் டீனைப் பொதுவாக நிர்வாகம்தான் நியமிக்கும். அதனால் இங்கே ஆசிரியர்களின் ஓட்டு செல்லுபடியாகும் இடம் இந்தக் குழுக்கள் மட்டுமே. அதன் மதிப்பு இன்னும் அதிகம்.

சும்மா கிடைத்ததல்ல

பெர்க்லியில் இந்த உரிமை தானாக வரவில்லை. செனட் என்பது 1868ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே இருந்தது. ஆனால் பெயரளவில்தான். 1899 முதல் 1919 வரை தலைவராக இருந்த பெஞ்சமின் ஐட் வீலர் காலத்தில் எல்லாம் அவர் சொன்னபடி நடந்தது. அவர் ஓய்வு பெற்றதும் பேராசிரியர்கள் கிளர்ந்தார்கள். 1920இல் ஆட்சிக் குழுவான ரீஜென்ட்கள் இறங்கி வந்தார்கள். செனட் தன் தலைவரைத் தானே தேர்ந்தெடுக்கலாம், தன் குழுக்களைத் தானே அமைத்துக்கொள்ளலாம் என்று விதி மாறியது. வரலாற்றில் இதைப் 'பெர்க்லி புரட்சி' என்று எழுதுகிறார்கள்.

முப்பது ஆண்டுகளுக்குள் அந்த உரிமைக்குச் சோதனை வந்தது. 1949இல், கம்யூனிசப் பயம் உச்சத்தில் இருந்தபோது, எல்லா ஆசிரியர்களும் விசுவாசப் பிரமாணத்தில் கையெழுத்திட வேண்டும் என்று ரீஜென்ட்கள் உத்தரவிட்டார்கள். சிலர் மறுத்தார்கள். செனட்டின் உரிமைக் குழு அவர்களை ஒவ்வொருவராக விசாரித்து, பெரும்பாலானவர்களைப் பணியில் வைத்திருக்கலாம் என்று பரிந்துரைத்தது. ரீஜென்ட்கள் கேட்கவில்லை. 1950 ஆகஸ்டில் 31 பேரை வேலையை விட்டு நீக்கினார்கள். 1952இல் கலிஃபோர்னியா உச்ச நீதிமன்றம் வேலை இழந்தவர்களின் பக்கம் தீர்ப்பளித்தது.

இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். தேர்தலில் உருவான குழுவால் அன்றைக்கு அவர்களைக் காப்பாற்ற முடியவில்லை. ஆனால் குற்றம் சாட்டப்பட்டவரின் தொழிலை அறிந்த சக ஆசிரியர்கள், நிர்வாகத்தின் தயவில் அந்த நாற்காலிக்கு வராதவர்கள், அவரை நேருக்கு நேர் விசாரித்து எழுதிய கருத்து ஒன்று பதிவில் இருந்தது. நிர்வாகமே பொறுக்கி எடுத்த குழு என்றால் அந்தப் பதிவுகூட இருந்திருக்குமா என்பது சந்தேகமே.

சின்னத் துறைக்கு எப்படி இடம் கிடைக்கும்?

தேர்தல் என்றால் பெரும்பான்மைதானே ஜெயிக்கும்? பொறியியலிலும் மருத்துவத்திலும் நூற்றுக்கணக்கான ஆசிரியர்கள். தமிழுக்கு ஒருவர், மிஞ்சினால் இரண்டு பேர். நம்ம ஆளுக்கு அங்கே என்ன மரியாதை?

நியாயமான கேள்வி. விடை, எப்படி ஓட்டு எண்ணுகிறார்கள் என்பதில் இருக்கிறது. நூறு பேர் ஓட்டுப் போட்டு நான்கு பேரைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். 70 பேர் அறிவியல், 30 பேர் மொழி, வரலாறு போன்ற துறைகள். ஆளுக்கு நான்கு ஓட்டு என்று கொடுத்து, அவரவர் தங்கள் பக்கத்து ஆட்களுக்கே போட்டால், நான்கு இடமும் அறிவியலுக்குப் போய்விடும். 30 பேருக்குப் பூஜ்யம்.

இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் வேறு முறை. அங்கே ஆசிரியர்களின் பேரவையான 'ரீஜென்ட் ஹவுஸ்' தன் பிரதிநிதிகளை மாற்றத்தக்க ஒற்றை வாக்கு முறையில் தேர்ந்தெடுக்கிறது. வேட்பாளர்களை 1, 2, 3 என்று வரிசைப்படுத்தி எழுத வேண்டும். நமக்கு இது புதிதல்ல, மாநிலங்களவைத் தேர்தல் நடப்பது இப்படித்தான். தமிழ்நாட்டில் 234 எம்.எல்.ஏ.க்கள், ஆறு இடங்கள். 34 எம்.எல்.ஏ.க்கள் இருந்தால் ஓர் எம்.பி. நிச்சயம் என்று ஒவ்வொரு முறையும் செய்தியில் கணக்குப் போடுவார்களே, அதே கணக்கு. நம் நூறு பேர் உதாரணத்தில் ஒரு இடத்துக்கு 21 ஓட்டு போதும். அறிவியலுக்கு மூன்று, மற்றவர்களுக்கு ஒன்று.

ஒன்றுதானே என்று நினைக்காதீர்கள். அந்த ஒருவர் அறையில் இருந்தால்தான், "இந்தத் துறையில் மாணவர் எண்ணிக்கை குறைவு, மூடிவிடலாம்" என்று பேச்சு வரும்போது, "செம்மொழித் துறையை மாணவர் எண்ணிக்கையை மட்டும் வைத்து அளக்க முடியாது" என்று சொல்ல ஒரு குரல் இருக்கும்.

டெக்சாஸில் நடந்தது

இதெல்லாம் பழைய வரலாறு என்று தள்ளிவிட முடியாதபடி 2025இல் டெக்சாஸில் ஒரு சட்டம் வந்தது. செனட் மசோதா 37. ஹூஸ்டன் பல்கலைக்கழகத்தில் தமிழ் இருக்கைக்காக நம்மவர்கள் நிதி திரட்டிய அதே மாநிலம்.

அந்தச் சட்டப்படி, அரசுப் பல்கலைக்கழகங்களில் ஆசிரியர் பேரவை இருக்கலாமா வேண்டாமா என்பதை ஆட்சிக் குழுதான் தீர்மானிக்கும். அது புதிதாக அமைக்காத பழைய பேரவைகள் 2025 செப்டம்பர் 1ஆம் தேதியோடு முடிந்துபோயின. புதிதாக அமைத்தாலும், ஒவ்வொரு கல்லூரிப் பிரிவிலிருந்தும் ஒருவரைப் பல்கலைக்கழகத் தலைவர் நியமிப்பார், மற்றவர்களை ஆசிரியர்கள் தேர்ந்தெடுக்கலாம். பேரவைக்குத் தலைமை தாங்குபவரையும் பல்கலைக்கழகத் தலைவரே நியமிப்பார். தேர்ந்தெடுக்கப்பட்டவர் இரண்டு ஆண்டு இருந்துவிட்டு, மறுபடி வர இரண்டு ஆண்டு காத்திருக்க வேண்டும். நியமிக்கப்பட்டவரோ தொடர்ந்து ஆறு ஆண்டு வரை இருக்கலாம். எல்லாவற்றுக்கும் மேல், பேரவை ஆலோசனை மட்டுமே சொல்லலாம். எதிலும் இறுதி முடிவு அதன் கையில் இல்லை.

மாணவர் குறைவாக உள்ள துணைப் பாடப் பிரிவுகளை ஐந்தாண்டுக்கு ஒருமுறை ஆய்ந்து, இணைப்பதா மூடுவதா என்று பார்க்க வேண்டும் என்றும் அதே சட்டம் சொல்கிறது. அமெரிக்காவில் தமிழ் போன்ற மொழிகள் பெரும்பாலும் துணைப் பாடமாகத்தான் பிழைத்திருக்கின்றன. இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். கத்தரிக்கோலையும் கொடுத்து, 'வேண்டாம்' என்று சொல்லக்கூடியவரின் கையையும் கட்டியாயிற்று.

குறையும் உண்டு

இந்தக் குழு முறையைப் புனிதமாக்க நான் வரவில்லை. ஆர்வமில்லாத இடங்களில் போட்டியே இருக்காது, கேட்டுக் கெஞ்சி ஒருவரை நிற்க வைப்பார்கள். சுற்றிச் சுற்றி அதே முகங்கள் வரும். ஒரு நியமனக் கோப்பு நகர மாதக்கணக்காகும். ஹார்வர்டு இருக்கைக்கான அறுபது லட்சம் டாலர் 2018இலேயே சேர்ந்துவிட்டது. ஆள் வர ஏன் இத்தனை ஆண்டு என்று நம்மவர்கள் பொறுமை இழந்ததும் நினைவிருக்கும்.

இதைவிடப் பெரிய குறை ஒன்று. ஓட்டு எல்லா ஆசிரியர்களுக்கும் கிடையாது. கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் ஒப்பந்த அடிப்படையில் வேலை செய்யும் விரிவுரையாளர்கள் செனட்டில் உறுப்பினர்கள் அல்ல. மொழி வகுப்புகளை நடத்துபவர்களில் பலர் அப்படிப்பட்டவர்கள்தான். நம் பிள்ளைக்கு 'அ, ஆ' தொடங்கிக் கட்டுரை எழுதுவது வரை கற்றுக்கொடுக்கும் ஆசிரியருக்கு, அந்த வகுப்பின் எதிர்காலத்தைப் பற்றிய தேர்தலில் வாக்கு இல்லாமல் போகலாம். ஆசிரியர் சுயாட்சி என்று பேசுகிறவர்கள் முதலில் பதில் சொல்ல வேண்டிய இடம் இது.

இருந்தாலும், "காசு கொடுத்தவர் ஆளை நியமிக்கட்டும்" என்பது இதற்கு மருந்தல்ல. நாளை நம் இருக்கையில் இருப்பவர், ஒரு சங்க நூலின் காலம் நாம் நம்புவதைவிடப் பிந்தியது என்று எழுதலாம். ஈழப் போரைப் பற்றியோ சாதியைப் பற்றியோ நமக்கு உறுத்தும் ஒன்றை எழுதலாம். நன்கொடையாளர் கையில் நியமனம் இருந்தால் அவருடைய நாற்காலி ஆடும். நம் கையில் அது இல்லை என்பதால்தான், அதே ஆள் தமிழின் தொன்மையைப் பற்றி நல்லதாக எழுதும்போதும் உலகம் அதை நம்புகிறது. வாங்கிய வாய்ச்சொல்லுக்கு அறிவுலகில் விலை இல்லை. நம்மைப் போலவே வேறு யாராவது பெரிய தொகையுடன் வந்து தமிழைப் பற்றி வேறு கதை எழுதச் சொன்னாலும், அவர்களையும் இந்தக் குழுதான் வாசலில் நிறுத்தும்.

நாம் செய்யக்கூடியது

பல்கலைக்கழகங்களில் வேலை செய்யும் நம்மவர்கள் அமெரிக்காவிலும் கனடாவிலும் ஏராளம். பெரும்பாலோர் பொறியியல், கணினி, மருத்துவத் துறைகளில். தமிழ்த் துறையில் இருக்கும் ஒருவரால் தன்னைத் தானே தேர்ந்தெடுத்துக்கொள்ள முடியாது. ஆனால் இயந்திரவியல் பேராசிரியர் ஒருவர் அந்த மின்னஞ்சலைத் திறந்து, சிறு துறைகளை மதிக்கிற வேட்பாளர் யார் என்று ஐந்து நிமிடம் படித்து ஓட்டுப் போட முடியும். தானே நிற்கவும் முடியும்.

நிதி திரட்டும் அமைப்புகள் ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன் நான்கு கேள்விகள் கேட்கலாம். ஆசிரியர் பேரவையின் தலைவரைத் தேர்ந்தெடுப்பது யார்? நியமனங்களைப் பரிசீலிக்கும் குழுவை அமைப்பது யார்? ஒரு துறையை மூடும் முன் அந்தப் பேரவையின் கருத்தைக் கேட்க வேண்டும் என்று விதி உண்டா? மொழி ஆசிரியருக்கு ஓட்டு உண்டா? வட்டி விகிதத்தையும் இருக்கையின் பெயரையும் பற்றி மணிக்கணக்கில் பேசுகிறோம். இந்தக் கேள்விகளுக்கு அரை மணி நேரம் ஒதுக்கலாம்.

நிதி திரட்டும்போது நமக்குத் தெரிந்தவர்கள் எல்லாம் ஒரு நாள் ஓய்வு பெறுவார்கள். டீன் மாறுவார், தலைவர் மாறுவார், சட்டமன்றமும் மாறும். இருக்கை நூறு ஆண்டு நிற்க வேண்டுமென்றால், அதைத் தாங்குகிற தேர்தலும் ஆண்டுதோறும் ஒழுங்காக நடக்க வேண்டும். அதில் ஓட்டுள்ள நம்மவர்கள் ஓட்டுப் போட வேண்டும்.