வெண்கலச் சில்லுக்கு எந்த ஒயில்?

கனடாவிலிருந்து மாமா கொண்டுவந்து போட்ட வட்டவாள் ஒன்று வீட்டு மூலையில் கிடக்கிறதென்று வையுங்கள். மோட்டர் பின்னோக்கி நீண்டும், வாள்தட்டு இடப்பக்கமாகவும் இருந்து, தூக்கியவுடன் மணிக்கட்டு இறங்கினால் அது அநேகமாகப் புழுத்திருகு வகை. அதற்கு வாள்தட்டு, வயர், கார்பன் பிரஷ் எல்லாம் தேடிக் கொழும்பில் புதுக்கடைப் பக்கம் பழைய சோனகத் தெருவில் ஏறி இறங்குவோம். மாற்றி, துடைத்து, பெயின்ட் அடித்ததும் வேலை முடிந்ததென்று பலர் நினைக்கிறார்கள். கியர்ப் பெட்டிக்குள் இருக்கும் கொஞ்ச ஒயிலை யாரும் திறந்து பார்ப்பதில்லை. வாளின் ஆயுள் அதில்தான் இருக்கிறது.

இந்த வகை வாளின் கதை கரும்போடு தொடங்குகிறது. அமெரிக்காவின் லூசியானாவில் கரும்பு வெட்டுவோர் கத்தியோடு படும் பாட்டைப் பார்த்து, எட்மண்ட் மிஷெல் என்பவர் 1920களில் கையில் பிடிக்கும் மின்வாள் ஒன்றைச் செய்தார். பால் கலக்கும் இயந்திரத்தின் மோட்டரைக் கழற்றிப் பூட்டினார் என்றொரு கதையும் உண்டு. 1924இல் ஜோசப் சல்லிவனுடன் சேர்ந்து கம்பனி தொடங்கினார். அதுவே பின்னர் ஸ்கில் ஆயிற்று. கரும்புக்காகப் பிறந்த வாள் தச்சர்களின் கைக்குப் போய்ச் சேர்ந்தது. 1937இல் வந்த மொடல் 77 இன்றும் பேசப்படுகிறது.

புழுத்திருகு வாளின் உள்ளே உருக்குத் திருகு ஒன்று சுழன்று, வெண்கலப் பற்சில்லைத் தள்ளுகிறது. மோட்டரின் அதிவேகம் குறைந்து, திசை 90 பாகை திரும்பி, நிமிடத்துக்குச் சுமார் 4,400 முதல் 5,300 சுற்றுகளாகத் தட்டுக்கு வருகிறது. பஞ்சிலிருந்து கொட்டையைப் பிரித்த பழைய இந்திய மரப்பொறிகளிலும் இப்படித் திருகாய்ச் செதுக்கிய உருளைகள் இருந்தன. ஆகவே நம் பக்கத்துக்கு இது அந்நியமல்ல.

சாதாரண கியரில் பல்லின்மேல் பல் பெரும்பாலும் உருள்கிறது. இங்கேயோ திருகு, பல்லின் முகம் முழுவதும் வழுக்கியபடியே உரசுகிறது. வெப்பம் அதிகம். இரண்டும் உருக்கானால் ஒன்றையொன்று பற்றிக் கிழித்துவிடும். அதனால்தான் ஒன்றை மென்மையான வெண்கலத்தில் வார்த்து, தேய்மானத்தை அதன் தலையில் கட்டியிருக்கிறார்கள். இரண்டுக்கும் நடுவே ஒயில் படலம் அறுந்தால் முதலில் போவது சில்லுதான்.

கிரீஸ் அடைப்பது பெரிய தவறு. வேகத்தில் அது பெட்டியின் சுவரில் தெறித்து அங்கேயே ஒட்டிக்கொள்ளும். பல்லுக்குத் திரும்பி வராது. ஒயில் வழிந்து வந்து வெப்பத்தையும் தூளையும் கொண்டுபோகும்.

எந்த ஒயிலும் சரியா? பஞ்சிகாவத்தையில் லொறி டிஃபரன்சியலுக்கு விற்கிற ஒயில் தாராளமாகக் கிடைக்கும். அதில் கடும் அழுத்தத்தைத் தாங்கக் கந்தக, பொஸ்பரஸ் சேர்மங்கள் கலந்திருக்கும். உருக்குக்கு அவை காவல். ஆனால் சூடேறும்போது வீரியமான கந்தகம் செம்பு கலந்த உலோகத்தை அரிக்கும். வெண்கலத்தில் பெரும்பங்கு செம்பு. தயாரிப்பாளர் சொன்ன ஒயில் கிடைக்காவிட்டால், மஞ்சள் உலோகங்களுக்குப் பாதுகாப்பானது என்று குறிப்பிட்ட கியர் ஒயிலைக் கேளுங்கள். கடைக்காரர் "எல்லாம் ஒண்டுதான்" என்றால் அடுத்த கடைக்குப் போகலாம்.

மின்பிளக்கைக் கழற்றிவிட்டு, பழைய ஒயிலை வெள்ளைத் தட்டில் வடியுங்கள். பால்போல் வெளுத்திருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. பெட்டியை மண்ணெண்ணெயால் கழுவி உலர்த்துங்கள். பற்கள் கத்திமுனைபோல் மெலிந்திருந்தால் கழுவிப் பயனில்லை, சில்லை மாற்றவேண்டும். சீல்களையும் பாருங்கள், அவை கசிந்தால் ஒயில் மோட்டருக்குள் இறங்கும். வாளை அடித்தட்டில் சமமாக நிறுத்தி, மட்டத் துளைவரை ஊற்றினால் போதும். கூடினால் கடைந்து சூடேறி, சீல் வழியே பீறும்.

மின்சாரத்தை மறக்கக்கூடாது. கனடாவில் 120 வோல்ட், நமக்கு 230. 15 அம்பியர் வாளுக்கு 1,800 வொட்டுக்குக் குறையாத டிரான்ஸ்போமர் வேண்டும். 60 ஹேர்ட்ஸ், 50 ஹேர்ட்ஸ் வித்தியாசம் கார்பன் பிரஷ் மோட்டருக்குப் பொருட்டல்ல.

புதுச் சில்லு போட்டால், சற்றுநேரம் ஓட்டிவிட்டு முதல் ஒயிலை இறக்குங்கள். அதில் பொன்தூள்போல் மினுங்குவது பல் பழகியதன் அடையாளம். அடுத்த தடவை குறையவேண்டும். மூன்றாம் தடவையும் அதே மினுக்கம் இருந்தால் திருகின் முகத்தை நகத்தால் தடவிப் பாருங்கள். சொரசொரப்புத் தட்டினால் திருகையும் மாற்றவேண்டியதுதான்.