காப்புநகல் இருந்தால் போதாது. மீட்டுப் பார்த்திருக்க வேண்டும்

பெங்களூரு விவேக் நகரில் மருந்துக்கடை, அச்சகம், தையலகம், கணக்காளர் அலுவலகம் என நடைபெறும் தொழில்கள் பெரும்பாலும் சிறியவை. ஆயினும் வரவேண்டிய பாக்கி, சரக்கு இருப்பு, ஜிஎஸ்டி விவரம், ஊழியர் சம்பளம் ஆகிய அனைத்தும் இன்று ஒரே கணினிக்குள் அடங்கிவிடுகின்றன. ஒருநாள் காலையில் எந்தக் கோப்பும் திறவாமல், பணம் செலுத்தினால்தான் திறவுகோல் கிடைக்கும் என்ற அறிவிப்பு மட்டும் திரையில் நின்றால், கடை திறந்திருந்தும் வணிகம் நடவாது. யார் எவ்வளவு தர வேண்டும் என்பதே தெரியாத நிலையில் பாக்கியை வசூலிப்பது எவ்வாறு? இதனைச் செய்யும் தீய மென்பொருளே ரேன்சம்வேர் எனப்படுகிறது.

இது பெரிய நிறுவனங்களுக்கு மட்டுமே நேரும் என்று கருதுவது தவறு. 2017 மே 12 அன்று பரவத் தொடங்கிய வான்னாக்ரை சுமார் 150 நாடுகளின் கணினிகளைத் தாக்கியது. அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசாப்ட் அதே ஆண்டு மார்ச் மாதத்திலேயே வெளியிட்டிருந்தது. திருத்தத்தை உடனே நிறுவிய கணினிகள் தப்பின, தள்ளிப்போட்டவை சிக்கின. அந்த மென்பொருள் சிறியவர், பெரியவர் என்று பார்த்துத் தாக்கவில்லை. பூட்டப்படாத கதவுகளையே தேடியது.

நம் நாட்டில் நிகழ்ந்த இரண்டு நிகழ்வுகள் நமக்குப் பாடமாக அமைகின்றன.

முதலாவது, 2022 நவம்பர் 23 அன்று தில்லி எய்ம்ஸ் மருத்துவமனையில் நிகழ்ந்தது. தாக்குதலால் ஐந்து சர்வர்கள் பாதிக்கப்பட்டன. நோயாளிகளின் பதிவு முதலான பணிகளைக் கையால் எழுதிச் செய்ய நேர்ந்தது. மருத்துவமனையின் தரவுகள் பாதிப்புக்குள்ளாகாத ஒரு காப்பு சர்வரிலிருந்து மீட்கப்பட்டு, புதிய சர்வர்களில் ஏற்றப்பட்டன. முக்கியச் சேவைகள் பெரும்பாலானவை திரும்ப ஏறத்தாழ இரண்டு வாரங்கள் ஆயின. தாக்குதலின் கைக்கு எட்டாத இடத்தில் ஒரு பிரதி இருந்ததே மீட்சிக்கு வழிவகுத்தது.

இரண்டாவது, 2024 ஜூலை இறுதியில் நிகழ்ந்தது. கூட்டுறவு வங்கிகளுக்கும் மண்டல ஊரக வங்கிகளுக்கும் தொழில்நுட்பச் சேவை வழங்கும் சி-எட்ஜ் நிறுவனத்தின் அமைப்புகளில் ரேன்சம்வேர் பாதிப்பு ஏற்பட்டதையடுத்து, தேசிய கொடுப்பனவுக் கழகம் அந்நிறுவனத்தைத் தன் கட்டமைப்பிலிருந்து தற்காலிகமாகத் துண்டித்தது. சுமார் 300 சிறு வங்கிகளின் கொடுப்பனவுச் சேவைகள் பாதிக்கப்பட்டதாகச் செய்திகள் தெரிவித்தன. ஆகஸ்ட் 1 அன்று இணைப்பு மீட்கப்பட்டது. பாதிப்புற்றதை உடனே தனிமைப்படுத்தினால் பாதிப்பு பரவுவதைத் தடுக்கலாம் என்பது இதன் முதற்பாடம். நாம் சார்ந்திருக்கும் சேவை நிறுவனத்தின் பாதுகாப்பும் நம் பாதுகாப்பே என்பது அடுத்த பாடம்.

தடுப்பதற்கு முதலில் வாயில்களை மூட வேண்டும். அறியாதவர் அனுப்பும் மின்னஞ்சல் இணைப்புகள், திருட்டு மென்பொருள்கள், எளிய கடவுச்சொல்லுடன் திறந்து கிடக்கும் தொலைவழி அணுகல் ஆகியனவே தீநிரல் நுழையும் வழக்கமான வழிகள். மென்பொருள் திருத்தங்களை உடனுக்குடன் நிறுவுக. மின்னஞ்சலுக்கும் தொலைவழி அணுகலுக்கும் இருபடிச் சரிபார்ப்பை ஏற்படுத்துக. அன்றாடப் பணிக்கு நிர்வாகி உரிமையற்ற தனிக் கணக்கைப் பயன்படுத்துக.

அடுத்தது காப்புநகல். மூன்று பிரதிகள், இரண்டு வகை ஊடகங்கள், ஒன்று வேறிடத்தில் என்பது நெடுநாள் வழக்கிலுள்ள விதி. எப்போதும் கணினியில் செருகியே இருக்கும் வன்தட்டு காப்பு ஆகாது. கணினியோடு சேர்ந்து அதுவும் பூட்டப்படும். தானாக ஒத்திசையும் இணையச் சேமிப்பிலும் பூட்டப்பட்ட கோப்புகளே போய்ச் சேரக்கூடும். பழைய பதிப்புகளை அச்சேவை தக்கவைக்கிறதா என்று கேட்டறிக. ஒரு வன்தட்டில் நகலெடுத்து, கழற்றி, வேறிடத்தில் பூட்டி வைப்பதற்குப் பெருஞ்செலவு ஆவதில்லை. ஜிஎஸ்டி கணக்குகளை ஆண்டறிக்கைக்கான கடைசி நாளிலிருந்து 72 மாதங்கள் காக்க வேண்டும் என்பதால், இது சட்டக் கடமையோடும் தொடர்புடையது.

எடுத்த நகலை மீட்டுப் பார்த்தவர் சிலரே. மாதம் ஒருமுறை, வேறொரு கணினியில் கணக்கு மென்பொருளை ஏற்றி, நகலைத் திறந்து, நேற்றைய பில் ஒன்றைத் தேடிப் பார்க்க வேண்டும். அது கிடைத்தால் காப்பு உண்டு. கிடைக்காவிட்டால், குறையைச் சரிசெய்ய இன்னும் காலம் இருக்கும்போதே அது தெரிந்துவிடுகிறது. மீட்க எத்தனை மணி நேரம் ஆகிறது என்பதையும் குறித்துக்கொள்க. அத்தனை நேரம் வணிகத்தைத் தாளில் நடத்தத் தேவையான பில் புத்தகமும், முக்கிய வாடிக்கையாளர்களின் தொலைபேசி எண்களும் அச்சில் இருக்கட்டும்.

தாக்குதல் நேர்ந்துவிட்டால் முதலில் வலைக் கம்பியைக் கழற்றி, வைஃபையைத் துண்டிக்கவும். மிரட்டல் அறிவிப்பைக் கைப்பேசியில் படம் எடுக்கவும். எதையும் அழிக்க வேண்டாம். பாதிக்கப்படாத வேறொரு கருவியிலிருந்து வங்கிக் கடவுச்சொற்களை மாற்றி, கிளைக்கும் தெரிவிக்கவும். 2022 ஏப்ரல் 28 அன்று செர்ட்-இன் வெளியிட்ட ஆணையின்படி, நிறுவனங்கள் இத்தகைய நிகழ்வை அறிந்த 6 மணி நேரத்துக்குள் அவ்வமைப்புக்கு அறிவிக்க வேண்டும். கணக்கிலிருந்து பணமும் பறிபோயிருந்தால் 1930 என்ற எண்ணை உடனே அழைக்கவும்.

பணம் கொடுத்தால் கோப்புகள் திரும்பும் என்பதற்கு உறுதி ஏதும் இல்லை. சில வகை ரேன்சம்வேருக்கான திறவுகோல்களை, யூரோபோலும் நெதர்லாந்து காவல்துறையும் 2016-இல் பிறருடன் இணைந்து தொடங்கிய நோ மோர் ரேன்சம் தளம் இலவசமாக வழங்குகிறது. எனினும் தக்க காப்புநகல் உள்ளவருக்கு அத்தளத்தையும் நாட வேண்டிய தேவை எழாது. இம்மாதக் கணக்கை முடிக்கும் நாளிலேயே முதல் மீட்புச் சோதனையையும் செய்துவிடுமாறு நம் வாடிக்கையாளர்களைக் கேட்டுக்கொள்கிறோம்.