மழையில்லாத இரவில் சொட்டும் கூரை

“மழை பேஞ்சா ஒழுகாது தம்பி. வானம் வெளுத்து நட்சத்திரம் தெரியுற ராத்திரியிலதான் சொட்டுச் சொட்டா விழுது” என்றார் அந்த அக்கா. மலேசியாவின் கேமரன் மலையில், லெம்பா பெர்த்தாம் பக்கத்துத் தேயிலைத் தோட்ட லயம் ஒன்றில் குடியிருப்பவர். விடியலில் பிள்ளைகளின் கம்பளி ஈரம் கோத்திருக்கும். அலமாரியை நகர்த்தினால் பின்சுவரெல்லாம் கரும்புள்ளிப் பூசணம். பள்ளி விடுமுறையில் போடாமல் கிடந்த சப்பாத்துக்குள் பச்சை படர்ந்திருந்தது. தகரத்தை மாற்றி, ஆணித் துளைகளுக்குத் தார் பூசியும் சொட்டு நிற்கவில்லை.

நிற்காது. அந்தத் தண்ணீர் கூரைக்கு மேலிருந்து வரவே இல்லை.

விடிகாலையில் கொழுந்தெடுக்கப் போகிறவர்களுக்குத் தேயிலைச் செடியில் பனி நின்று முழங்கால் நனைவது பழகிய விஷயம். மேகமில்லாத இரவில் இலை தன் சூட்டை நேராக வானத்துக்கு விட்டுவிட்டு, சுற்றியுள்ள காற்றைவிடக் குளிர்ந்துபோகிறது. அதைத் தொடும் காற்றிலுள்ள நீராவி இலைமேல் துளியாகிறது. தகரமும் அப்படியே குளிர்கிறது. ஆனால் தகரத்தின் அடிப்பக்கம் வீட்டுக்குள் இருப்பதால், அங்கே படிவது வீட்டு நீராவி. மேகம் மூடிய இரவில் மேகமே போர்வையாகி, தகரத்தை அவ்வளவு குளிரவிடுவதில்லை. அக்கா கண்ணால் கண்டு சொன்னது நூற்றுக்கு நூறு சரி.

வீட்டுக்குள் இவ்வளவு நீராவி எங்கிருந்து வருகிறது? 20 பாகை வெப்பத்தில் ஒரு கன மீட்டர் காற்று ஏறத்தாழ 17 கிராம் நீராவியைத் தாங்கும். 15 பாகைக்கு இறங்கினால் 13 கிராம்தான். மிச்சம் எங்காவது இறங்கியாக வேண்டும். வீட்டில் எது மிகக் குளிர்ந்திருக்கிறதோ அங்கே இறங்கும். நான்கு பேர் கதவடைத்துத் தூங்கினால் மூச்சிலும் வியர்வையிலுமாக விடிவதற்குள் ஒரு லிட்டர் அளவுக்கு நீர் காற்றில் சேர்ந்துவிடும். மழைநாளில் உள்ளே கொடி கட்டி உலர்த்தும் துணியின் ஈரமும் அப்படித்தான். பலருக்கும் தெரியாதது அடுப்பின் பங்கு. ஒரு கிலோ சமையல் எரிவாயு எரிந்தால் ஏறக்குறைய 1.6 கிலோ நீராவி உண்டாகிறது. நம் 14 கிலோ சிலிண்டர் ஒன்று தீரும்போது 22 லிட்டர் தண்ணீர் வீட்டுக்குள் வந்திருக்கும். சோறும் குழம்பும் கொதிக்கிற ஆவி இதில் சேரவில்லை!

விறகடுப்பு எரிந்த நாளில் இத்தனை பூசணம் இல்லை என்று பெரியவர்கள் சொல்வதில் உண்மை உண்டு. அந்த அனல் சுவரையும் தகரத்தையும் சூடாக வைத்தது. புகை வெளியேற விட்ட சந்து வழியே ஈரமும் போனது. புகை நெஞ்சுக்குக் கேடுதான். அடுப்பு மாறியது நல்லது. சந்தை அடைத்தது தவறு.

தகரத்தின் கதை ஒன்று, கருங்கல்லின் கதை இன்னொன்று. இலங்கை மலையகத்தில் கருங்கல் லயங்களில் இன்றும் நம் மக்கள் வாழ்கிறார்கள். ஊட்டியில் ஜான் சலிவன் 1820களில் கட்டிய கல் பங்களா இன்னும் நிற்கிறது. தடித்த கல் மெதுவாகச் சூடேறும், மெதுவாகவே ஆறும். இரவெல்லாம் குளிர்ந்த சுவர் காலை பத்து மணிக்கும் 16 பாகையில் இருக்க, வெளியே காற்று 22 பாகைக்கு ஏறி ஈரம் சுமந்து நிற்கும். “வெயில் வந்துவிட்டது, காற்று வரட்டும்” என்று அப்போது சன்னலைத் திறந்தால் சுவர் வேர்க்கும். வெளிக்காற்று உள்ளேயிருப்பதைவிடக் குளிர்ந்திருக்கும் விடிகாலையே திறக்க வேண்டிய நேரம். மூடுபனியாக இருந்தாலும் பரவாயில்லை. குளிர்ந்த காற்றில் நீராவி குறைவு, உள்ளே வந்து சூடேறியதும் அது ஈரத்தை வாங்கிக்கொள்ளும்.

பழைய சுவருக்கு நாம் செய்யும் பெருங்கேடு சிமெண்டுப் பூச்சு. கல்லிடுக்கில் இருப்பது சுண்ணாம்புச் சாந்து. அது ஈரத்தை வாங்கி, வெயிலில் விட்டுவிடும். மேலே சிமெண்டு ஏறினால் ஈரத்துக்கு வழியில்லை. உள்ளேயே தங்கிப் பூச்சைப் பொருக்குப் பொருக்காகத் தள்ளும். பூசணத்தின்மேல் சாயம் அடிப்பதும் வீண். சுவரை ஒட்டிய காற்றின் ஈரப்பதம் 80 சதவிகிதத்துக்கு மேல் நீடித்தால் அது மறுபடி முளைக்கும்.

இதைச் சின்னத் தொல்லை என்று ஒதுக்க என்னால் முடியவில்லை. ஈரமும் பூசணமும் உள்ள வீடுகளில் ஆஸ்துமா, இருமல், இழுப்பு கூடுதல் என்று உலகச் சுகாதார நிறுவனம் 2009இல் வெளியிட்ட வழிகாட்டி சொல்கிறது. முக்கால் பங்குக்கு மேல் நீராக இருக்கும் கொழுந்தை வாட்டி, அரைத்து, சூட்டில் உலர்த்தி, மூன்று சதவிகித ஈரத்துக்குக் கொண்டுவரும் தொழிற்சாலை தோட்டத்திலேயே இருக்கிறது. காற்றை எப்படி ஓட்டினால் ஈரம் போகும் என்பது அங்கே தெரிந்த வித்தைதான். தகரத்துக்கு அடியில் வெப்பம் தடுக்கும் அட்டையும் அடுப்புக்கு மேல் ஒரு காற்றாடியும் பெரிய செலவல்ல. ஆனால் லயம் குடியிருப்பவருக்குச் சொந்தமில்லை. கூரையில் கைவைக்க அவருக்கு உரிமையில்லை. தொழிலாளருக்குத் தரும் வீடு குறைந்தபட்சத் தரத்தில் இருக்க வேண்டும் என்று மலேசியாவின் 1990ஆம் ஆண்டு 446ஆம் சட்டம் முதலாளியைத்தான் பொறுப்பாக்குகிறது.

ஈரம் உள்ளிருந்து வருகிறதா, சுவர் வழியே வருகிறதா என்று கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. சாப்பாடு பொட்டலம் கட்டும் அலுமினியத் தாளை ஒரு சாண் சதுரமாக வெட்டி, சுவரில் நான்கு ஓரமும் இறுக ஒட்டிவிட்டு, ஓரிரு நாள் கழித்துப் பார்க்க வேண்டும். அக்கா வீட்டில் இரண்டு இடத்தில் ஒட்டினோம். சமையலறைத் தாளில் நம்மைப் பார்த்த பக்கம் முத்து முத்தாக நீர்; பின்பக்கம் காய்ந்திருந்தது. படுக்கையறைத் தாளில் முன்பக்கம் காய்ந்திருக்க, உரித்தபோது பின்பக்கம் விரலில் ஒட்டுகிற ஈரம். வெளியே போய்ப் பார்த்தால், மேட்டு மண் சரிந்து, கால்வாயை மூடி, சுவரோடு ஒரு முழ உயரத்துக்கு அணைந்து கிடந்தது. அக்காவின் மகன் மண்வெட்டி எடுத்து வந்தார். கூரைக்கு அட்டை கேட்டு நிர்வாகத்துக்குக் கொடுக்க வேண்டிய கடிதத்தை நான் உட்கார்ந்து எழுதினேன்.