பிறந்தநாளுக்குப் புடாபெஸ்ட்

பிறந்தநாளை முன்னிட்டு உடன்பிறந்தாரோடு இரண்டு மூன்று நாட்களை ஐரோப்பிய நகரமொன்றில் கழிக்க விரும்புவோர், புகழை மட்டும் பிரமாணமாகக் கொண்டு பாரிஸையோ ரோமையோ தேர்ந்துவிட்டு, நீண்ட வரிசைகளில் நின்றே பொழுதை விரயம் செய்துவிடக் கூடாது என்பது என் திடமான அபிப்பிராயம். குறுகிய அவகாசத்துக்கு உகந்தது, முக்கிய இடங்களைப் பெரும்பாலும் நடந்தே காணத்தக்க நகரம்; அத்துடன், ஒரே வீட்டில் வளர்ந்து பின்னர் வெவ்வேறு திசைகளில் பிரிந்துபோன இருவர் ஆற அமரப் பேசுவதற்கு அங்கே இடமும் வேண்டும்.

அவ்வகையில் ஹங்கேரியின் தலைநகரான புடாபெஸ்டையே நான் மனமாரச் சிபாரிசு செய்வேன். டான்யூப் நதிக்கரைகளில் தனித்தனியே இருந்த புடா, ஓபுடா, பெஸ்ட் ஆகிய மூன்றும் 1873-ல் இணைந்து உருவான அந்நகரின் அடியில் வெந்நீர் ஊற்றுகள் நிறைந்திருக்கின்றன. 1913-ல் திறக்கப்பட்ட சேச்செனி ஸ்நான மண்டபத்தின் திறந்தவெளித் தடாகங்களில், கடுங்குளிர் காலத்திலும், ஆவி எழும் நீரில் மார்பளவு அமிழ்ந்தபடியே சிலர் சதுரங்கம் ஆடுவதைக் காணலாம். அத்தகைய நீரில் அமர்ந்து பால்யகால விருத்தாந்தங்களைப் பேசித் தீர்ப்பதினும் மேலான பிறந்தநாள் வைபவம் வேறென்ன இருக்க முடியும்!

மாலையில், 1849-ல் திறக்கப்பட்ட சங்கிலிப் பாலத்தின் வழியே நதியைக் கடந்து கோட்டைக் குன்றின்மேல் ஏறினால், மறுகரையில் நாடாளுமன்ற மாளிகை தீபாலங்காரத்தோடு தோன்றும். கோடையில் ஜனக்கூட்டம் மிகுதியாதலால் வசந்தமோ இலையுதிர்காலமோ உத்தமம். செலவுக்கு யூரோவன்று, அந்நாட்டின் போரிண்ட் நாணயமே வேண்டும்.