பம்பை ஓடவிட்டுக் கோடு போடுகிறவர்கள்

நிலத்தடி நீர் கண்ணுக்குத் தெரியாது. ஓர் ஆழ்துளைக் கிணற்றில் பம்பை ஓடவிட்டு, பக்கத்துக் கிணற்றில் டேப்பை இறக்கி, நீர்மட்டம் எவ்வளவு தாழ்கிறது என்று அளந்துதான் அதன் போக்கைத் தெரிந்துகொள்கிறோம். தாழ்வு நேரத்தோடும் மாறும், தூரத்தோடும் மாறும். இரண்டும் ஒன்றாக மாறும்போது கணக்கு கைக்கு அடங்காது.

1935இல் அமெரிக்க நிலநீர் ஆய்வாளர் சார்லஸ் தைஸ் இதற்கு வழி கண்டார். மணலுக்குள் நீர் நகர்வதும் திடப்பொருளில் வெப்பம் பரவுவதும் ஒரே கணக்கு என்று அவருக்குப் புலப்பட்டது. வெப்பக் கணக்கின் விடையை எடுத்துக் கொடுத்தவர் அவருடைய நண்பரான கணிதப் பேராசிரியர் லூபின். அந்த விடையில் தூரமும் நேரமும் தனித்தனியாக வருவதில்லை. தூரத்தின் வர்க்கத்தை நேரத்தால் வகுத்தால் வரும் எண்தான் மாறி. 10 மீட்டர் தள்ளியிருக்கும் கிணறு முதல் நிமிடத்தில் காட்டும் தாழ்வை, 100 மீட்டர் தள்ளியிருப்பது நூறாவது நிமிடத்தில் காட்டும். இத்தனை ஆண்டு வேலைக்குப் பிறகும் இது எனக்கு வியப்புதான்.

1946இல் கூப்பர், ஜேக்கப் என்ற இரு ஆய்வாளர்கள் வேலையை இன்னும் எளிதாக்கினார்கள். நேரத்தை அப்படியே குறிக்காமல் அதன் மடக்கையைக் குறித்தால், தொடக்க நிமிடங்கள் கழிந்ததும் புள்ளிகள் நேர்கோட்டில் அமையும். 10க்கும் 100க்கும் இடைப்பட்ட நிமிடங்களில் அரை மீட்டர் தாழ்ந்தால், 100க்கும் 1000க்கும் இடையிலும் அரை மீட்டர்தான். வினாடிக்கு 10 லிட்டர் இறைத்தால் நாளுக்கு 864 கன மீட்டர். அதைச் சூத்திரத்தில் வரும் மாறா எண்ணான 0.183ஆல் பெருக்கி அரையால் வகுத்தால் சுமார் 316 வரும். அடியில் இருக்கும் மணல் அடுக்கு நீரைக் கடத்தும் திறன் அது: நாளுக்கு 316 சதுர மீட்டர். ஒரு ஸ்கேலும் பென்சிலும் போதும்.

இப்போது எண்ணைக் கணினியே தந்துவிடுகிறது. ஆனாலும் என்னோடு வரும் இளைஞர்களைக் கையால் கோடு போடச் சொல்கிறேன். கோட்டின் சரிவு நடுவில் இரு மடங்கானால், அருகே நீர் புகாத பாறைத் தடுப்பு இருக்கலாம். கோடு தட்டையானால், ஆறோ ஏரியோ நீர் ஊட்டிக்கொண்டிருக்கலாம். சாதாரண கிராஃப் தாளில் எல்லாமே ஒரு வளைவாகத்தான் தெரியும். இந்த முறிவுகள் அதில் மறைந்துவிடும்.

அடுக்கு எங்கும் ஒரே சீராக, எல்லையின்றிப் பரந்திருக்கிறது என்று வைத்துக்கொண்டுதான் தைஸ் கணக்குப் போட்டார். நம் கருங்கல் பூமியில் நீர் பாறை வெடிப்புகளுக்குள் ஓடுகிறது. அங்கே கோடு எந்த இடத்தில் முறிகிறது என்பதைத்தான் முதலில் பார்ப்பேன். கிணற்றுக்காரர் கேட்கும் எண்ணை அதற்கப்புறம்தான் சொல்வேன்.