புண்பட்ட மூளையும் குருத்தணுக்களும்

கத்தி பட்டுக் கிழிந்த விரல் சில நாள்களில் ஆறிவிடுகின்றது. முறிந்த எலும்பும் கட்டுப் போட்டு அசையாமல் வைத்தால் கூடி வளர்கின்றது. ஆனால், மரத்திலிருந்து விழுந்தோ வண்டியில் மோதியோ மூளை புண்பட்டவர், உயிர் பிழைத்த பின்னும் பேச்சையோ கைகால்களின் வலிமையையோ இழந்து ஆண்டுக்கணக்கில் துன்புறுகின்றார். தோலும் எலும்பும் செய்துகொள்ளும் பணியை மூளை ஏன் செய்துகொள்வதில்லை?

இவ்வினாவிற்கு அறிஞர்கள் நெடுங்காலம் ஒரே விடையைக் கூறி வந்தனர். 1906-ஆம் ஆண்டு நோபெல் பரிசு பெற்ற ஸ்பெயின் நாட்டு அறிஞர் ரமோன் இ கஹால், வளர்ச்சி முற்றிய மூளையில் நரம்பணுக்கள் அழியுமேயன்றி மீண்டும் தோன்றா என்று கருதினார். அவர் கருத்தை மறுத்தவர் மிகச் சிலரே.

அச்சிலருள் ஒருவர் அமெரிக்காவில் ஆய்வு நடத்திய ஜோசப் ஆல்ட்மன். அவர் வளர்ந்த எலிகளின் மூளையில் சிறு புண்ணை உண்டாக்கி, கதிரியக்கமுள்ள தைமிடின் என்னும் பொருளைச் செலுத்தினார். அணு இரண்டாகப் பிரிய முற்படும்போது இப்பொருள் அதன் உட்கருவில் சேரும். ஆகவே, அதன் அடையாளம் ஏறிய அணு புதிதாய்ப் பிறந்தது என்று கொள்ளலாம். அவ்வடையாளத்தைச் சில நரம்பணுக்களிலும் கண்டு, 1962-ஆம் ஆண்டு அவர் வெளியிட்டார். பலர் அதனைப் பொருட்படுத்தவில்லை. பழைய நம்பிக்கை ஆய்வுக்கூடத்தைவிட்டும் எளிதில் அகலுவதில்லை போலும்! 1992-இல் கனடா நாட்டில் ரெனால்ட்ஸ், வைஸ் என்னும் இருவர் வளர்ந்த சுண்டெலியின் மூளையிலிருந்து குருத்தணுக்களைப் பிரித்து வளர்த்துக் காட்டினர்.

ஸ்டெம் செல் எனப்படும் குருத்தணு, இன்ன பணிக்கு உரியது என்று இன்னும் முடிவாகாத அணு. அது பிரிந்து தன்னைப் போன்ற அணுவையும் தரும்; நரம்பணுவாகவோ, நரம்பணுவைத் தாங்கிக் காக்கும் துணையணுவாகவோ மாறவல்ல அணுவையும் தரும். வாழையின் இளங்குருத்தை எண்ணிப் பார்த்தால் பெயரின் பொருத்தம் விளங்கும்.

அங்ஙனமாயின், புண்பட்ட மூளையில் இவை என்ன செய்கின்றன? ஸ்வீடனில் லுண்டு நகரத்து அறிஞர்கள் 2002-ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வு இதற்கு விடை தந்தது. எலியின் மூளைக்குக் குருதி செல்லும் குழாயைச் சிறிது நேரம் அடைத்து, ஒரு பகுதியை அவர்கள் நலிவுறச் செய்தனர். மூளையின் நடுவே நீர் நிறைந்த அறைகள் உண்டு. அவற்றின் சுவரோரத்துக் குருத்தணுக்கள் முன்னிலும் மிகுதியாய்ப் பெருகின. அங்குப் பிறக்கும் இளம் நரம்பணுக்கள் வழக்கமாக மோப்பம் அறியும் பகுதிக்குச் செல்வன. இப்பொழுதோ பல அணுக்கள் புண்ணை நோக்கி நகர்ந்தன. அங்கே, மடிந்த அணுக்களின் இனத்தையே ஒத்து வளரவும் தொடங்கின. எனினும், சில வாரங்களுக்குள் அவற்றுள் நூற்றுக்கு 80-க்கு மேற்பட்டவை இறந்தன. எஞ்சியவை ஈடு செய்தது, மடிந்த நரம்பணுக்கள் ஆயிரத்துக்கு ஏறத்தாழ இரண்டே!

விதை இல்லாமையன்று, நிலம் கெட்டமையே இதற்குக் காரணம். புண்பட்ட இடத்தில் இறந்த அணுக்களை அகற்றும் துப்புரவு அணுக்கள் திரள்கின்றன. அவற்றின் பணி இன்றியமையாதது. ஆயினும் அவை வெளியிடும் பொருள்கள் அழற்சியை வளர்த்து, இளம் நரம்பணுக்களுக்கு நஞ்சாகின்றன. மேலும், புண்ணருகே துணையணுக்கள் நெருங்கித் தழும்பாகின்றன. அத்தழும்பு கேடு பரவாமல் தடுக்கும். நரம்பிழைகள் கடந்து வளர்வதையும் தடுக்கும். 2003-இல் அமெரிக்காவின் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தில், கதிர்வீச்சால் மூளை கேடுற்ற எலிகளுக்கு அழற்சி தணிக்கும் இண்டோமெதசின் என்னும் மருந்தைக் கொடுத்தனர். நின்றுபோயிருந்த நரம்பணுப் பிறப்பு ஓரளவு மீண்டது.

மனித மூளையில் இவ்விதை எவ்வளவு உண்டு? 1998-இல், இறந்த புற்றுநோயாளர் ஐவரின் மூளையை ஆராய்ந்து, நினைவுக்கு உதவும் பகுதியில் புதிய நரம்பணுக்கள் இருந்தமையைக் காட்டினர். 2018-இலோ, வளர்ந்தோரிடம் அவை காணப்படவில்லை என்று கலிபோர்னியாவில் ஒரு குழுவினரும், 79 வயதினரிடமும் உண்டு என்று நியூயார்க்கில் மற்றொரு குழுவினரும் எழுதினர். இவ்வழக்கு இன்னும் தீரவில்லை. எலியிடம் பலித்ததை அப்படியே மனிதர்க்குச் செய்ய மருத்துவர் துணியாமைக்கு இதுவும் ஒரு காரணம்.